உடும்பார் கொடுத்த கொசுறு

இலுப்பைத் தோப்புக் குளக்கரையில் ஒரு கிளி இருந்தது. அதன் பெயர் பச்சைவாயன். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. கதை சொல்கிறவன் எடுத்த எடுப்பிலேயே கட்சி கட்டக் கூடாதுதான். ஆனால் அந்தக் கிளி செய்த வேலையைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

குளக்கரையில் நாள்தோறும் சந்தை கூடும். காடை தினை விற்கும். குரங்கு பழம் விற்கும். கரடி தேனடை விற்கும். மயில் தன் உதிர்ந்த இறகுகளை விற்கும். அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் காசு. கொட்டை உள்ளவர்கள் வாங்கினார்கள். இல்லாதவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பச்சைவாயன் இலுப்பைக் கிளையில் உட்கார்ந்து, காட்டிலேயே கொட்டை அதிகம் வைத்திருந்த உடும்பாருக்காகக் கத்தியது.

"கொசுறு! கொசுறு! உடும்பார் தருகிறார் கொசுறு!"

கொசுறு என்றால் உங்களுக்குத் தெரியும். காய் வாங்கினால் கடைக்காரர் மேலே போடுகிற ஒரு கொத்துக் கறிவேப்பிலை. நம் ஆட்களுக்கு வாங்கிய காயைவிட அந்தக் கறிவேப்பிலையின் மேல்தான் கண். காட்டிலும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லுக்குச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"உடும்பாரின் ஓலையை வாங்கிக்கொள்ளுங்கள்! கையில் கொட்டையே வேண்டாம்! ஓலையைக் காட்டுங்கள், பொருளை எடுங்கள்! கடைக்காரருக்கு உடும்பார் கொடுத்துவிடுவார்! பத்துக் கொட்டைக்கு வாங்கினால் ஒரு கொட்டை உங்களுக்கே திரும்பி வரும்!"

இவ்வளவையும் தொண்டை கிழியக் கத்தியது. பிறகு தலையைச் சிறகுக்குள் விட்டுக்கொண்டு ஒரே மூச்சில் முணுமுணுத்தது. "பௌர்ணமிக்குள் மொத்தமும் கட்டணும் கட்டாவிட்டால் பாக்கி குட்டி போடும் மூணு பௌர்ணமிக்குப் பாக்கி நின்றால் வளையோ பொந்தோ உடும்பாருக்கு."

"என்ன சொன்ன? தலையை வெளிய எடுத்துச் சொல்லு!" என்றது முள்ளி. முள்ளி ஒரு முள்ளம்பன்றி. கிழங்கு தோண்டி விற்றுப் பிழைப்பவள். எரிச்சல் அவளுக்கு மூக்கின் நுனியிலேயே இருக்கும்.

"கொசுறு!" என்றது கிளி.

"அதுக்கு அப்புறம் சொன்னதை!"

முள்ளி விடவில்லை. முழுவதும் காதில் விழுகிற வரைக்கும் கிளியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். பின்னால் நின்ற வரியன் என்ற அணிலுக்குப் பொறுக்கவில்லை.

"அட, நகரும்மா! கேள்வி கேட்டுக்கிட்டே நின்னா ஓலை தீர்ந்துடப் போகுது!"

முள்ளியும் ஓர் ஓலை வாங்கினாள். வரியனும் ஓர் ஓலை வாங்கினான். ஒருத்தி கேட்டு வாங்கினாள், ஒருத்தன் கேட்காமல் வாங்கினான். வித்தியாசம் அவ்வளவுதான்.

வரியனுக்கு மனைவி இருந்தாள், பெயர் பஞ்சி. ஒரு பெண் குட்டியும் இருந்தது. ஆலமரப் பொந்தில் குடியிருந்தார்கள். இலவ மரத்தில் பஞ்சு பறித்து, கூடு கட்டுகிற பறவைகளுக்கு விற்பதுதான் பிழைப்பு. மாதம் நூறு கொட்டை வரும். எண்பது சாப்பாட்டுக்குப் போகும். மீதிக்குத் தினை வாங்கி, ஐப்பசி அடைமழைக்கென்று பொந்தின் அடியில் சேர்த்து வைப்பார்கள். மழையில் பஞ்சு நனைந்துவிடும், பறிக்க முடியாது. அந்தத் தினைதான் அப்போது சோறு.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. வழக்கமாக வாங்கும் தினையையும் கடலையையும் வரியன் ஓலையைக் காட்டி வாங்கினான். ஆடிப் பௌர்ணமிக்கு மொத்தமும் கட்டினான். கொசுறாக எட்டுக் கொட்டை வந்தது. அதைப் பொந்தின் வாசலில் வரிசையாக அடுக்கி வைத்தான். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களா? சும்மா வந்தது! உடும்பாரையே ஏமாத்திட்டேன்!"

அந்த வாசலில் வந்து உட்கார்ந்தது பச்சைவாயன்.

"வரியண்ணே! உங்களை மாதிரி விவரமான ஆளைத்தான் உடும்பார் தேடிக்கிட்டிருக்கார். இந்த வாரம் மயிலிறகுக்கு இரட்டைக் கொசுறு! உங்களுக்குன்னு சொல்லி விட்டார். வெளியில சொல்லிடாதீங்க!"

வெளியில் சொல்லாதே என்று அது காட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது. வரியனுக்கு அது தெரியாது. மயிலிடம் ஓடினான். ஒரு கட்டு இறகை முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

"என்னங்க இது?" என்றாள் பஞ்சி.

"மயிலிறகு மெத்தை!"

"பஞ்சு பறிக்கிற வீட்டுக்கு எதுக்குங்க இறகு மெத்தை?"

"எட்டுக் கொட்டை கொசுறு, பஞ்சி! ஒரே நாள்ல எட்டு!"

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? ஓலையைத்தான் காட்டினேன்."

"எவ்வளவுக்குக் காட்டினீங்க?"

வரியன் வாலைத் தடவிக்கொண்டான். "நாப்பது."

"நாப்பதுக்கு வாங்கி எட்டைக் கொண்டு வந்திருக்கீங்க. மிச்சம் முப்பத்திரண்டு யாரு தலையில?"

பதில் இல்லாதவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். "வீட்டுக்கு நல்லது செஞ்சாலும் குத்தம்!" என்று கத்திவிட்டு வெளியே போனான். போன இடத்தில் கரடியிடம் ஒரு தேனடை வாங்கினான். அதற்கும் கொசுறு கிடைத்தது.

பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. பசித்தால் வாங்குவதற்குப் பதில், கிளி கத்தினால் வாங்கினான். மினுங்குகிற கூழாங்கல் வாங்கினான். குரங்கிடம் ஒரு குலை பழம் வாங்கினான், பாதி அழுகிப் போனது. கொசுறு வரிசை மட்டும் வாசலில் நீண்டுகொண்டே போனது. அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தான் பணக்காரனாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. நூறு கொட்டை சம்பாதித்தவன் நூற்றுத் தொண்ணூறுக்கு வாங்கியிருந்தான்.

உடும்பார் இலுப்பை வேரின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வரியன் பயந்துகொண்டே போய் நின்றான். உடும்பார் கோபப்படவே இல்லை. குரலில் தேன் சொட்டியது.

"இதுக்கா தம்பி முகம் வாடிப்போச்சு? முழுசும் இப்பவேயா கேட்டேன்? ஒரு பிடி குடு, போதும். மிச்சத்தை மெதுவா குடு. நமக்குள்ள என்ன?"

வரியனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "எவ்வளவு பெரிய மனசு அவருக்கு!" என்றான்.

பெரிய மனசாம்! தலையில் மிளகாய் அரைக்கிறவன் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் அரைப்பான். அந்த ஒரு பிடியில்தான் உடும்பாரின் மொத்தப் பிழைப்பும் இருந்தது. முழுவதும் கட்டுகிறவனிடம் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு பிடி கட்டுகிறவன்தான் அவருக்குச் சோறு. நூற்றுத் தொண்ணூறையும் அன்றே கேட்டிருந்தால் வரியன் பயந்துபோய் ஓலையைக் கிழித்துப் போட்டிருப்பான். அவன் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தேன் சொட்டும் குரல்.

பாக்கி குட்டி போட்டது. குட்டியும் குட்டி போட்டது. கையில் மிஞ்சிய கொட்டையெல்லாம் சாப்பாட்டிலும் சந்தையிலும் கரைந்தது. புரட்டாசிப் பௌர்ணமிக்கு வரியன் கட்டிய பிடி அந்தக் குட்டிகளுக்கே போதவில்லை. வாங்கிய பாக்கி அசையாமல் நின்றது.

"அம்மா, புளியங்கொட்டை குட்டி போடுமா?" என்று குட்டி அணில் கேட்டது.

"நம்ம வீட்டுல போடாது. உடும்பார் வீட்டுல போடும்" என்றாள் பஞ்சி.

மறுநாள் உடும்பாரே ஆலமரத்துக்கு வந்தார். அடிமரத்தை நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டு மெதுவாக ஏறினார். உடும்புப் பிடி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொந்துக்குள் வாலை விட்டு ஆழம் பார்த்தார்.

"நல்ல பொந்து. ஒழுகாதில்ல? அடுத்தது மூணாவது பௌர்ணமி, தம்பி. அன்னிக்கும் பாக்கி நின்னா காலி பண்ணிடுங்க. மழைக்கு எனக்கும் ஒரு இடம் வேணும்."

"ஐயா, குட்டி இருக்கு. மழையில எங்க போவோம்?" என்றான் வரியன்.

"ஓலை வாங்கும்போது கிளி சொல்லுச்சே! உன் காதுல விழலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் இறங்கிப் போன பிறகு வரியன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பஞ்சி உட்காரவில்லை. நேரே முள்ளியின் வளைக்குப் போனாள். போன வேகத்தில் குரல் உயர்ந்தது.

"ஏ முள்ளி! உனக்கும் அதே ஓலைதானே? நீயும் அதே சந்தையிலதானே வாங்குற? உன் வளையை மட்டும் ஏன் அந்த ஆளு அளந்து பாக்கலை? அவனுக்கு நீ கூட்டா?"

முள்ளியின் முள்ளெல்லாம் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. "கூட்டாம் கூட்டு! உள்ள வந்து பாருடி!"

வளைக்குள் மூன்று குழிகள் இருந்தன.

"இது நான் கிழங்கு வித்த கொட்டை. ஓலையைக் காட்டிப் பத்துக் கொட்டைக்கு வாங்கினேனா, வந்த கையோட இதுலேருந்து பத்தை எடுத்து அந்தக் குழியில போட்டுடுவேன். போட்டதுக்கு அப்புறம் அது என்னுது இல்ல, உடும்பாருது. பட்டினி கிடந்தாலும் தொட மாட்டேன். பௌர்ணமி காலையில அப்படியே அள்ளிக் கொண்டு போய் அவர் முன்னால கொட்டிடுவேன். எடுத்துப் போட இங்க கொட்டை இல்லைன்னா, அன்னிக்கு ஓலை வளையை விட்டு வெளிய வராது. கிளி என்ன கத்தினாலும் சரி! எனக்கு என்ன வேணும்னு என் வயித்துக்குத் தெரியாதா, கிளிக்குத்தான் தெரியுமா?"

"மூணாவது குழி?"

"கொசுறு."

பஞ்சி அந்தக் குழியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீ ஒரு கொட்டை கூடக் குட்டி கட்டலை. அப்புறம் உனக்கு உடும்பார் எதுக்குக் கொசுறு குடுக்கிறார்? எங்கேருந்து எடுத்துக் குடுக்கிறார்?"

இத்தனை மாதமாக முள்ளி அதை யோசித்ததே இல்லை. கெட்டிக்காரத்தனமாக இருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

"வா, அந்த ஆளையே கேட்டுடலாம்" என்றாள்.

சந்தை நிரம்பியிருந்தது. உடும்பார் வேரின் மேல் கண்ணயர்ந்திருந்தார். முள்ளியைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. அவளை அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

"உடும்பாரே, ஒரு கேள்வி! எனக்குக் குடுக்கிற கொசுறு யாரு வீட்டுக் கொட்டை?"

"உனக்கு எதுக்கு அது? வந்தோமா, வாங்கினோமான்னு போ!"

"சொன்னாத்தான் போவேன்! நீங்க கைக்காசு போட்டுக் குடுக்குற ஆளா? கடைக்காரங்களுக்குக் குடுக்கிற விலையில கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களே, அதுலேருந்து குடுக்கிறீங்களா?"

உடும்பார் தூக்கம் கலைந்த எரிச்சலில் இருந்தார். வாய் தவறிவிட்டது.

"கடைக்காரங்க தர்றது அந்தக் கிளியோட தீனிக்கே காணாது! உன்னை மாதிரி பௌர்ணமி தவறாம கொண்டு வந்து கொட்டுறவங்களா எல்லாரும் இருந்தா நான் மண்ணைத்தான் தின்னணும்! வரியன் மாதிரி நாலு பேர் ஒரு பிடி, ஒரு பிடின்னு கட்டிக்கிட்டிருக்கிறதாலதான் உனக்குக் கொசுறு! அவன் கொட்டைதான் உன் குழியில கிடக்கு! போதுமா?"

சந்தை அப்படியே நின்றுவிட்டது. தினை அளந்துகொண்டிருந்த காடை படியைக் கீழே வைத்தது. "மெதுவா, ஐயா, மெதுவா!" என்று கிளி பதறியது.

முள்ளிக்கு உடும்பாரின் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. பக்கத்து மரத்துக் குட்டியின் சோற்றைத் தன் குழியில் போட்டு மூடி வைத்திருந்திருக்கிறாள்!

பஞ்சி வீட்டுக்கு வந்தாள். "எழுந்திருங்க. எல்லாத்தையும் விக்கணும்" என்றாள். வரியன் மயிலிறகை எடுத்துக்கொண்டு மயிலிடம் போனான். நாற்பதுக்கு விற்ற மயில் ஏழு தருவதாகச் சொன்னது. அந்த ஏழு கொட்டையை வாங்கிக்கொண்டு வந்தான். கூழாங்கல்லை யாரும் வாங்கவில்லை. கரடி தேனடையைத் திரும்ப வாங்கவில்லை, காலியான தேனடையை எந்தக் கரடி வாங்கும்? வாசலில் அடுக்கியிருந்த கொசுறு வரிசை முழுவதும் போனது. கடைசியில் பொந்தின் அடியிலிருந்த மழைக்காலத் தினையைப் பஞ்சி தன் கையாலேயே அள்ளிக் காடையிடம் கொடுத்தாள். குட்டி பார்த்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசிப் பௌர்ணமி. வானம் கறுத்துக் கிடந்தது. உடும்பார் விடிந்ததிலிருந்தே ஆலமரத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். வரியன் கொட்டைகளை அவர் முன்னால் கொட்டினான். உடும்பார் எண்ணினார்.

"இருபத்தஞ்சு குறையுது. காலி பண்ணுங்க."

"நாளைக்கு..." என்றான் வரியன்.

"நாளைக்குப் பௌர்ணமி இல்ல."

அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு முள்ளி வந்தாள். வாயில் கவ்வியிருந்த மூட்டையை மரத்தடியில் அவிழ்த்துக் கொட்டினாள். மூன்றாவது குழியிலிருந்த அத்தனையும்!

"எண்ணிக்கோ! இவங்க கணக்குல வை!"

"அக்கா, இது உங்களோட..." என்று தொடங்கினான் வரியன்.

"என்னுது இல்லைடா! உன்னுது! உன் வீட்டுக் கொட்டையைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். இதுக்கு நன்றி கின்றின்னு ஏதாவது சொன்னே, குத்திடுவேன்!"

உடும்பார் எண்ணினார். இருபத்தைந்துக்கு மேலேயே இருந்தது. ஆனாலும் மரத்தை விடவில்லை. பிடித்த பிடி அவருக்கு விட மனமில்லை.

"பாக்கி தீர்ந்துடுச்சு. இறங்குங்க!" என்றாள் பஞ்சி.

"இருங்க, இன்னொரு தடவை எண்ணிப் பாக்கணும்..."

முள்ளி திரும்பி நின்றாள். முதுகு முள்ளையெல்லாம் விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து மரத்தை நோக்கி நடந்து வந்தாள். உடும்பார் இறங்கிவிட்டார்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பொந்து மிஞ்சியது. உள்ளே தினை இல்லை. வரியனும் பஞ்சியும் ஆலம்பட்டையைச் சுரண்டித் தின்றார்கள். குட்டிக்கு அது இறங்கவில்லை. ஒரு வாரம் போனதும் அழுவதைக்கூட விட்டுவிட்டது. மழை விட்ட நேரங்களில் முள்ளி கிழங்கு கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனாள். குட்டி பிழைத்தது. ஆனால் விலா எலும்பு தெரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வரியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நாற்பது கொட்டை மெத்தையில் அவர்கள் யாரும் ஒரு நாளும் படுக்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்து சந்தை மறுபடி கூடியது. உடும்பார் உளறியதைக் கேட்ட சிலர் ஓலையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். சிலர் முள்ளியைப் போலக் குழி தோண்டிக்கொண்டார்கள். கிளி அசரவில்லை. அன்று சந்தைக்கு வராதவர்கள், கேட்டும் மறந்தவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் என்று ஆட்களுக்கா பஞ்சம்?

வரியனிடம் ஓலை இருந்தது. இப்போது அவனும் தன் கொட்டைக்கு ஒன்று, உடும்பாரின் கொட்டைக்கு ஒன்று என்று இரண்டு பொந்து வைத்திருந்தான். குட்டியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். பத்துக் கொட்டைக்குத் தினை மட்டும் வாங்கினான். கடனுக்கு எடுத்து வைக்கவேண்டிய பத்து, காலையிலேயே தனியாக எடுத்து வைத்தாயிற்று. கொசுறாக ஒரு கொட்டை வந்தது. அதைக் குட்டியிடம் கொடுத்து, "வெச்சு விளையாடு" என்றான்.

குட்டி கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அப்பா, இது யாரு வீட்டுது?"

சந்தையின் மறுகோடியில் புதிதாக வளை வைத்த ஓர் இளம் முயல், முதுகு நிறைய மயிலிறகைச் சுமந்துகொண்டு சிரித்த முகத்தோடு போய்க்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே பச்சைவாயன் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வரியன் தினையைக் கீழே போட்டுவிட்டு முயலைப் பார்த்து ஓடினான்.

கையில் இருப்பதற்குள் வாங்கி, கெடு தவறாமல் முழுவதும் கட்டுகிறவனுக்கே கொசுறு லாபம்; கொசுறுக்காகவே வாங்குகிறவன் ஊராரின் கொசுறையெல்லாம் தன் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறான்.